மலையேறுவோரும் விபத்துக் காப்பீடும்

கோடை விடுமுறை அணுகுந்தோறும் மாணவர் விடுதியில் எழும் முதற்பேச்சு, இவ்வருஷம் எம்மலைக்குப் போகலாம் என்பதே. வத்தலக்குண்டிலோ பெரியகுளத்திலோ நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்குப் பழனிமலைத் தொடர் நீலமதில்போல் காட்சியளிக்கின்றது. அதனைக் கண்ட இளைஞன் ஏறாதிருப்பானா? ஏறுக, அதற்குத் தடை சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் மூட்டை கட்டும் பொழுது, கம்பளியும் கைவிளக்கும் எடுத்துக்கொண்டாயிற்றா என்று கேட்கும் தாய்தந்தையர், இக்காலத்தில் மற்றொன்றையும் கேட்கத் தொடங்கியிருக்கின்றனர். "விபத்து இன்ஷூரன்ஸ் தனியாக எடுத்திருக்கிறாயா?" என்பதே அக்கேள்வி. அதற்கு நம் மாணவரிற் பெரும்பாலோர் அளிக்கும் விடை நகைப்பே. அந்நகைப்புத் தகுமா என்பதைச் சிறிது ஆராய்வாம்.

மேனாடுகளில் இக்கேள்வி பனிமேற் சறுக்கி விளையாடுவோரைப்பற்றி எழுவது. நம் நாட்டிலும் காச்மீரத்துக் குல்மார்க்கிலும் இமயத்து ஔலியிலும் அவ்விளையாட்டு உண்டு. பழனிமலையிலோ பனிக்கட்டிச் சரிவு இல்லை. மூடுபனியும், சோலைக்காடும், பாசி படர்ந்த பாறையுமே உள்ளன. ஆகவே நம்மவர்க்கு இக்கேள்வி மலைநடை செல்வோரைப் பற்றியதாகின்றது. முன்பே உள்ள பாதுகாப்புக்களோடு மேலும் பொருள் கொடுத்து ஒரு விபத்துக் காப்பீட்டைச் சேர்த்துக்கொள்வது அவர்க்குப் பயன்படுமா, அன்றி அது வீண்செலவா?

கோடைக்கானல் தோன்றியதே ஒருவகைப் பாதுகாப்பை நாடியன்றோ? சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்க்கும் தம்மவரைப் பறிகொடுத்த அமெரிக்க மதுரை மிஷனார், 1845-ஆம் வருஷத்தில், ஏறக்குறைய 7,000 அடி உயரமுள்ள அம்முகட்டில் இரண்டு வீடுகளைக் கட்டிக் குடியேறினர். மோட்டார்ப் பாதை இல்லாத அந்நாளில், அவர்கள் நடந்தும், குதிரைமீதும், ஆட்கள் தோளிலே தூக்கிய நாற்காலிகளில் அமர்ந்தும் மலையேறினர். அமர்ந்து சென்றோர் சிலரின் பெயர்கள் சரித்திரத்தில் நிற்கின்றன. தூக்கிச் சென்றோரின் பெயர்கள் நிற்கவில்லை. இதனை நினைவிற் கொள்க. பின்னர் இதற்கு வருவோம்.

இன்று பேருந்தும் காரும் ஏரிக்கரைவரை செல்கின்றன. எனினும் பாதையைவிட்டு இறங்கி நூறு அடி நடந்தால், மலை தன் பழைய மலையே. காலையில் தெளிவாயிருந்த வழி, மூடுபனி ஏறியபின் பத்தடிக்கப்பால் தெரிவதில்லை. 400 அடி உயரமுள்ள தூண்பாறைகளின் விளிம்பும், வட்டக்கானலுக்கப்பால் நீண்டு நிற்கும் டால்பின் மூக்குப் பாறையும், படம் எடுத்துக்கொள்ள விழைவோரை முனைவரை இழுப்பன. வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் பழைய தடமோ, குளிர்ந்த சோலையிலிருந்து வெந்த சமவெளிவரை ஒரே நாளில் முழங்காலைச் சோதித்துவிடும். நெடுங்காலம் மோட்டார்ப் பாதையின்றி வாழ்ந்த வெள்ளகவி மக்கள், தம் நோயாளிகளை டோலி கட்டித் தூக்கியே மலையேற்றியும் இறக்கியும் வந்தனர். அவ்வழியிற் கால் முறிந்த மாணவனுக்கும் அவர்கள் தோளே வாகனம்.

இவ்வபாயங்கள் கற்பனையல்ல என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் போதும். 2006-ஆம் ஆண்டில் கேரளத்து மஞ்ஞும்மல் என்னும் ஊரிலிருந்து கோடைக்கானலுக்கு வந்த இளைஞர் குழுவில் ஒருவர், குணா குகை என இன்று வழங்கும் இடத்திலுள்ள ஆழ்ந்த பாறைப்பிளவில் வீழ்ந்தார். நண்பருள் ஒருவர் கயிற்றைப் பற்றி இறங்கி அவரை உயிருடன் மீட்டார். 2024-இல் அது 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்னும் திரைப்படமாயிற்று. மற்றது துன்பத்தில் முடிந்தது. 2018 மார்ச் 11-இல், பழனிமலைக்குத் தென்மேற்கே போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில், சென்னை, ஈரோடு, திருப்பூர் முதலிய ஊர்களிலிருந்து வந்த மலைநடைக் குழுவினர் காட்டுத்தீயில் அகப்பட்டனர். இருபதின்மருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீக்காயமுற்றோரைத் தேடி முதலில் மலையேறியவருள் அவ்வூர் மக்களும் இருந்தனர். விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. காயமுற்றோர் தேனிக்கும் மதுரைக்கும் கொண்டு செல்லப்பட்டனர். அதன் பின்னரே நம் மாநிலத்தில் மலைநடைக்கெனத் தனி விதிகள் ஏற்பட்டன.

நிற்க. காப்பீடு வேண்டா என்போர் கூறும் காரணங்களை இனிக் கேட்போம். முதலாவது, காப்பீட்டுப் பத்திரம் ஒருவனை வழுக்காமற் காக்குமா என்பர். காவாது, உண்மையே. குடை மழையை நிறுத்துவதில்லை. அதனாற் குடை பயனற்றதாகுமா? இரண்டாவது, இளமைக்கு என்ன ஆபத்து என்பர். பாறைக்கு வயது தெரியாது என்பதே அதற்கு விடை. மூன்றாவது, கம்பெனிகள் வாங்கும்பொழுது சிரிக்கும், கொடுக்கும்பொழுது முறைக்கும் என்பர். இதில் ஓரளவு உண்மை உண்டு. அதற்குப் பரிகாரம் பத்திரத்தைப் படித்து வாங்குவதேயன்றி, வாங்காதிருப்பதன்று. நான்காவது காரணமே கவனித்தற்குரியது. எமக்கு முன்பே வேறு பாதுகாப்பு உண்டே; மேலும் ஒன்று எதற்கு என்பது அது. நேர்மையான இக்கேள்விக்கு நேர்மையாகக் கணக்குப் பார்த்தே விடை கூறவேண்டும்.

தமிழ்நாட்டு மாணவன் ஒருவனுக்கு அவன் அறியாமலே உள்ள பாதுகாப்புக்கள் சில. 2008 முதல் 108 என்னும் எண்ணுக்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' என்னும் திட்டத்தின்படி, சாலை விபத்திற் காயமுற்றோர்க்கு முதல் 48 மணிநேரச் சிகிச்சை இலவசம். தொடக்கத்தில் அதன் எல்லை 1 லட்சம் ரூபாயாக இருந்தது. ஆனால் 'சாலை விபத்து' என்னும் சொல்லை நோக்குக. மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து காயமுற்றவனுக்கு அது உதவும். பாறையிலிருந்து வழுக்கி வீழ்ந்தவனுக்கு உதவாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்கு, ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய்வரை குறித்த சிகிச்சைகளை அளிக்கின்றது. சற்று வசதியுள்ள குடும்பத்தார் தாமே மருத்துவக் காப்பீடு வாங்கியிருப்பர்.

அத்தகைய மருத்துவக் காப்பீட்டில் சாகச விளையாட்டுக்கு இடமில்லை என்று பலர் கருதுகின்றனர். இது முழுவதும் சரியன்று. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த பொது வாசகத்தின்படி விலக்கப்படுவது, பாறையேற்றம், மலையேற்றம் முதலியவற்றில் ஒருவர் தொழில்முறையாக ஈடுபட்டு அதனால் வேண்டப்படும் சிகிச்சையே. விடுமுறையில் உல்லாசமாக நடந்து வழுக்கி விழுந்த மாணவன் தொழில்முறையாளன் அல்லன். எனவே ஆஸ்பத்திரிச் செலவு ஒன்றற்காகவே அஞ்சி, குடும்பத்தில் நல்ல மருத்துவக் காப்பீடு இருக்கும்பொழுது, மற்றொன்று வாங்குவது பெரும்பாலும் மிகையே. இதனை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தடையில்லை.

ஆயின் ஆஸ்பத்திரிச் செலவோடு விபத்தின் செலவு முடிந்துவிடுகின்றதா? மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்கின்றது, வீட்டுக்குக் கொடுப்பதில்லை. கால் இழந்தவன் வீடு திரும்பியபின் நாற்பது ஆண்டு வாழ்வதற்கு அது ஒன்றும் செய்வதில்லை. அவ்விடத்திலேதான் விபத்துக் காப்பீடு தன் வேலையைத் தொடங்குகின்றது. மரணம், முழு ஊனம், பகுதி ஊனம் ஆகிய இவற்றுக்கு, செலவுச் சீட்டுக் கேளாமல், முன்னே குறித்த தொகையைக் கொடுப்பது அதன் இயல்பு. இரண்டும் ஒன்றென மயங்குவதே இப்பொருள்பற்றிய குழப்பத்துக்கெல்லாம் வேர்.

விபத்துக் காப்பீட்டிலும் மிக மலிவானது ஒன்று உண்டு. 2015-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவே அது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 12 ரூபாயாக இருந்த அதன் கட்டணம் 2022 ஜூன் முதல் 20 ரூபாயாயிற்று. 18 முதல் 70 வயதுவரை உள்ளவர் தம் வங்கிக் கணக்கின் மூலம் இதிற் சேரலாம். விபத்தால் மரணம் நேரினும், இரு கண்களோ இரு கை கால்களோ மீளாவண்ணம் இழக்க நேரினும் 2 லட்சம் ரூபாயும், ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ இழப்பின் 1 லட்சம் ரூபாயும் கிடைக்கும். இருபது ரூபாய்க்கு இதனினும் மேலான பண்டம் கோடைக்கானற் கடைவீதியில் இல்லை.

எனினும் இதன் எல்லைகளையும் அறிதல் வேண்டும். முதலாண்டு மாணவருட் பலர் பதினெட்டு வயது நிரம்பாதவர். அவர்க்கு இதில் இடமில்லை. இதன் ஆண்டு ஜூன் 1-இல் தொடங்கி மே 31-இல் முடிகின்றது. கட்டணம் மே மாத இறுதியில் கணக்கிலிருந்து தானாகவே கழிக்கப்படும். அம்மாதத்திலேதான் நம் மாணவர் சுற்றுலாவுக்குச் சென்று கணக்கைத் துடைத்துவைப்பது வழக்கம். கணக்கில் இருபது ரூபாய் இல்லையேல், ஜூன் முதல் பாதுகாப்பும் இல்லை. யாவற்றினும் முக்கியமானது மூன்றாவது எல்லை. மலைநடையில் அடிக்கடி நேர்வது கை கால் இழப்பன்று, எலும்பு முறிவே. கணுக்கால் முறிந்து மூன்று மாதம் படுக்கையிற் கிடப்பவனுக்கு இத்திட்டம் ஒரு காசும் தாராது. மருத்துவச் செலவும் இதில் அடங்காது.

ஆகவே கூடுதலான காப்பீட்டின் பயன் இந்த இடைவெளியை நிரப்புவதில் உள்ளது. 2021 ஏப்ரல் முதல் நம் நாட்டுக் கம்பெனிகள் யாவும் ஒரே வாசகத்தில் விற்கவேண்டிய 'சரல் சுரக்ஷா பீமா' என்னும் விபத்துக் காப்பீடு இதற்கு நல்ல உதாரணம். இரண்டரை லட்சம் முதல் 1 கோடி ரூபாய்வரை இதில் தொகை குறிக்கலாம். மரணமும் ஊனமும் அதன் அடிப்படைப் பகுதி. விரும்பினால் மூன்றினைச் சேர்த்துக்கொள்ளலாம். தற்காலிகமாக வேலை செய்ய இயலாத வாரங்களுக்கு ஒரு தொகை. விபத்தால் ஆஸ்பத்திரியிற் சேர்ந்த செலவுக்கு, அடிப்படைத் தொகையிற் பத்தில் ஒரு பங்குவரை. பிள்ளைகளின் கல்விக்கு ஓர் உதவித்தொகை. வாங்குவோர் பெருந்தொகையைக் கண்டு மயங்காமல், இச்சேர்க்கைகளை நோக்குவதே விவேகம். வாரத்தொகை பொதுவாகச் சம்பாதிப்போர்க்கே பொருந்துவது. மாணவனுக்கு ஊனத்துக்கான பகுதியே முதன்மையானது. குடும்பத்தின் மருத்துவக் காப்பீடு குறைவாயின், ஆஸ்பத்திரிச் சேர்க்கையையும் கூட்டிக்கொள்ளலாம்.

மேனாட்டார் செய்வதைக் கண்டு அவ்வாறே நாமும் செய்யவேண்டும் என்போர்க்கு ஒரு வார்த்தை. பிராஞ்சு தேசத்துப் பனிச்சறுக்கு நிலையங்களில், மலையேற்றும் கம்பிவண்டிக்குச் சீட்டு வாங்கும்பொழுதே 'காரே நேஜ்' என்னும் ஒருநாட் காப்பீட்டையும் சில யூரோவுக்கு வாங்கலாம். அங்கே சறுக்குதடத்தில் விழுந்தவனைக் கீழே கொண்டுவருவதற்கு அவனிடமே கட்டணம் கேட்கச் சட்டம் இடந்தருகின்றது. அதனாலேயே அக்காப்பீடு விலைபோகின்றது. 1862-இல் தோன்றிய ஆஸ்திரிய ஆல்ப்ஸ் சங்கமும், தன் அங்கத்தினர் சந்தாவிலேயே மீட்புச் செலவுக்கான காப்பீட்டை அடக்கியுள்ளது. நம் நாட்டு நிலை வேறு. கோடைக்கானலில் ஒருவன் பள்ளத்தில் விழுந்தால் வருவோர் தீயணைப்பு மீட்புப் படையினரும், போலீசாரும், வனத்துறையினரும், பக்கத்து ஊராருமே. அந்நாட்டுப் பனிச்சரிவிற்போல மீட்புக்கென விலைச்சீட்டு நீட்டும் வழக்கம் இங்கில்லை. ஆகவே மீட்புச் செலவுக்கெனச் சொல்லப்படும் காரணம் இங்கே மெலிந்தது. ஊனத்துக்கும் வருமான இழப்புக்கும் உரிய காரணமோ இங்கே வலியது. ஏனெனில் அந்நாடுகளிற் கால் இழந்தவனுக்கு அரசாங்கம் அளிக்கும் ஆதரவு பெரிது. இங்கோ அவன் பாரம் அவன் குடும்பத்தின் மேலேயே விழுகின்றது. அவர் காரணத்தை இரவல் வாங்கி நாம் காப்பீடு செய்யவேண்டுவதில்லை. நம் காரணம் நமக்குப் போதும்.

ஒரு பிரயாணத்துக்கென்றே எடுக்கும் காப்பீடு புதுமையன்று. 1849-இல் லண்டனில் சட்டபூர்வமாக அமைந்த ரெயில்வே பிரயாணிகள் காப்பீட்டுக் கம்பெனி, மூன்றாம் வகுப்புப் பிரயாணி ஒரு பென்னி கொடுத்தால், அப்பிரயாணத்தில் அவன் விபத்தால் இறப்பின் 200 பவுன் கொடுப்பதாக ஏற்றது. விபத்துக் காப்பீட்டின் பிறப்பே அதுதான் என்னலாம். நம் இந்திய ரெயில்வேயிலும் 2016 முதல், இணையத்திற் சீட்டு வாங்குவோர் ஒரு ரூபாய்க்கும் குறைந்த தொகையில் 10 லட்சம் ரூபாய்க் காப்பீட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். கோடைக்கானல் ரோடு ஸ்டேஷன்வரை ரெயிலில் வருவோர் அதனைத் தேர்ந்தெடுக்க மறத்தல் வேண்டா. ஆனால் அது ரெயிலுக்கு மட்டுமே உரியது. பிளாட்பாரத்தைவிட்டு மலைக்கு வண்டியேறிய பின் அது உடன்வாராது.

அம்மலைவழிபற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நம் மாணவர் பலர் பஸ்ஸைவிட்டு மோட்டார் சைக்கிளில் மலையேறுகின்றனர். அதுவும் நண்பனிடம் இரவல் பெற்ற வண்டியில், பின்னே ஒருவரை ஏற்றிக்கொண்டு. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கின்றது என்பதனால் தமக்கும் இருக்கின்றது என்று அவர் நினைக்கின்றனர். சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாமவர் காப்பீடு, வண்டியால் அடிபடும் பிறருக்கானது. பின்னே அமர்ந்து செல்பவன், அக்குறைந்த அளவுப் பத்திரம் மட்டும் உள்ள வண்டியாயின், அதன்கீழ் ஈடு கேட்க முடியாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஓட்டுபவனுக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்போ, வண்டியின் உரிமையாளர் பெயரால் அவர்க்கென்றே எடுக்கப்படுவது. இரவல் வாங்கியவன் அதனை நம்பியிருத்தல் பேதைமை. எனவே கோடைக்கானலுக்கு நண்பன் வண்டியில் ஏறும் மாணவர் இருவர்க்கும், தம் பெயரிலுள்ள விபத்துக் காப்பீடு ஒன்றே துணை. மலைநடையைவிட அவ்வண்டிப் பயணத்துக்கே அது மிக வேண்டப்படுவது என்று கூறினும் மிகையாகாது.

இனி, வாங்கிய காப்பீடு வீணாகும் வழிகளும் உண்டு. மதுவோ வேறு போதைப்பொருளோ உட்கொண்ட நிலையில் நேர்ந்த விபத்துக்குக் கம்பெனிகள் பொதுவாக ஈடு தருவதில்லை. கோடைக்கானலிற் போதைக்காளான் தேடியலைவோர் இதனை அறிதல் நலம். அதனை உண்டு பாறைமுனையில் நிற்பவன், உயிரையும் ஈட்டையும் ஒருங்கே பணயம் வைக்கின்றான். வனத்துறையின் அனுமதியின்றிக் காப்புக்காட்டிற் புகுந்தவனோ, ஈடு கேட்கும்பொழுது தன் குற்றத்தைத் தானே எழுதிக்கொடுக்க வேண்டியவனாவான். விபத்து நேர்ந்தபின் போலீசுக்கு அறிவித்த சான்றோ, ஆஸ்பத்திரிப் பதிவோ இல்லாமல் ஈடு பெறுவது அரிது. பத்திரத்தின் எண்ணை வீட்டார் அறியாவிடில், எழுதியவன் இறந்தபின் அதனைக் கேட்பாரும் இலர். இவையெல்லாம் சிறு செய்திகள். ஆனால் காப்பீடு நிற்பதும் விழுவதும் இச்சிறு செய்திகளாலேயே.

இதுகாறும் மலையேறும் மாணவனைப்பற்றியே பேசினோம். அவனுக்கு முன்னே நடப்பவன் ஒருவன் உளன். வழி தெரிந்தவன், பளியர் குடியினனாகவோ, மலையூர் உழவனாகவோ இருப்பவன், நம் சோற்றுமூட்டையையும் சுமந்து, வழுக்குமிடத்தில் தான் முதலில் அடிவைத்துப் பார்ப்பவன். நாம் வருஷத்துக்கு ஒரு நாள் ஏறும் தடத்தில் அவன் வாரந்தோறும் ஏறுகின்றான். அபாயமும் அவ்விகிதத்திலேயே அவனுக்கு மிகுதி. மாணவன் கால் முறிந்தால் ஒரு பரீட்சை போகும். வழிகாட்டியின் கால் முறிந்தால் அன்று மாலை முதல் அவன் வீட்டு அடுப்பு அணையும். இதில் வியப்பொன்று உண்டு. தொழில்முறையாக ஈடுபடுவோரை விலக்கும் என்று மேலே கூறினோமே, அவ்வாசகம் உல்லாசத்துக்கு நடக்கும் நம்மைத் தொடாது. கூலிக்கு நடக்கும் அவனையே தொடக்கூடும். மிகுதியாக வேண்டுபவனுக்கே கிடைப்பது அரிதாகின்றது! ஆதலின் அவனுக்குக் காப்பீடு வாங்குங்கால், அவன் தொழில் இன்னதென்று மறையாமல் எழுதி, கம்பெனி அதனை ஏற்றதை எழுத்திற் பெறுதல் வேண்டும்.

1845-இல் நாற்காலி தூக்கியவர்க்கு நேர்ந்த காயத்தை யாரும் கணக்கெழுதவில்லை. இன்று நம்மை அழைத்துச் செல்பவன் காயத்தையும் நாம் கணக்கெழுதாமல் விடுவோமாயின், கல்வி கற்று நாம் அடைந்த முன்னேற்றம் யாது? பதின்மர் சேர்ந்து மலையேறும் குழுவில், தலைக்கு இரண்டு ரூபாய் போட்டால் ஒரு வழிகாட்டியின் சுரக்ஷா பீமாவுக்கு ஓராண்டுக் கட்டணம் ஆயிற்று. அவனுக்கு வங்கிக் கணக்கு உண்டா, அத்திட்டத்தில் சேர்ந்திருக்கின்றானா என்று கேட்பதற்குக் காசும் வேண்டா. இதனைத் தருமமென்று கருதுதல் வேண்டா. நாம் அவன்மேல் ஏற்றும் அபாயத்தின் கூலி இது.

நம் கல்லூரிகளின் சுற்றுலாக் கழகங்கள் பின்வரும் முறையை மேற்கொள்ளலாம் என்பது என் கருத்து. புறப்படுமுன் ஒவ்வொரு மாணவனும் தன்பால் முன்பே உள்ள காப்பீடுகளை ஒரு தாளில் எழுதிக்கொடுக்கட்டும். பலர் தமக்கு உண்டென்பதையே அறியாதவர். பதினெட்டு நிரம்பியோர் யாவரும் இருபது ரூபாய்த் திட்டத்திற் சேரட்டும். பதினெட்டு நிரம்பாதவரையும் உள்ளடக்கிய குழு விபத்துக் காப்பீடு ஒன்றைக் கழகம் தன் பெயரால் எடுக்கட்டும். அதில் உடன்வரும் ஆசிரியர், வண்டியோட்டி, வழிகாட்டி ஆகியோர் பெயர்களும் இடம்பெறட்டும். எலும்பு முறிவுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அது ஈடு தருமா என்று பத்திரத்தைப் படித்தபின்னரே பணம் கட்டட்டும். இதற்காகும் செலவு, மலைமேல் நாம் ஒருவேளை அருந்தும் தேநீருக்கும் தின்பண்டத்துக்கும் ஆகும் செலவுக்கு மேல் மிகுதியாகப் போவதில்லை.

எனவே முதலிற் கேட்ட கேள்விக்கு விடை இது. குடும்பத்தின் மருத்துவக் காப்பீட்டையே வேறு பெயரில் மீண்டும் வாங்குவதாயின், கூடுதற் காப்பீடு வேண்டாத சுமை. ஊனத்துக்கும், முடங்கிக்கிடக்கும் மாதங்களுக்கும், பின்தங்கும் குடும்பத்துக்கும் உரியதாயின், அது மலையேறுவோன் மூட்டையில் இருக்கவேண்டிய பொருள். தாங்கக்கூடிய நட்டத்தைத் தானே தாங்குக. தாங்கமுடியாததைப் பலர் தோளிற் பகிர்க. காப்பீடென்பது இதற்கு மேல் ஒன்றுமன்று. பழனிமலைத் தடத்தில் ஒருவன் விழுந்தால் நால்வர் டோலி தூக்குவது போன்றதே இதுவும்.

ஆனால் ஒன்று. காப்பீடு இருக்கின்றது என்பதனால் மூடுபனியில் முனைக்குச் செல்வதும், காட்டுத்தீப் பருவத்தில் அனுமதியின்றிப் புகுவதும், மேலே மழை பெய்கையில் கும்பக்கரை அருவியில் இறங்குவதும் தகா. குரங்கணியில் எரிந்தோர்க்கு எந்தத் தொகையும் உயிரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அனுமதி, பருவம், வழிகாட்டி, பின் காப்பீடு, இவ்வரிசை மாறாதிருக்கட்டும். இவ்வாண்டு மலைக்குப் புறப்படும் நண்பர்கள், இக்கட்டுரையை ஒப்பினும் மறுப்பினும், தம் வங்கிக் கணக்கில் மே மாத முடிவில் இருபது ரூபாய் மிச்சம் இருக்கின்றதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்வாராக. முன்னே நடப்பவனிடமும் அதனையே கேட்பாராக.